கொள்ளிடம் வரை ஒரு வெள்ளைக் கோடு

இடது கால் சுண்டுவிரலைப் பற்றி நினைக்கக் கூடாது என்று காலையில் எழுந்ததும் முடிவு செய்தேன், அதிலிருந்து அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. சிதம்பரம் பின்னால் போய்விட்டது. மணி ஆறரை இருக்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல், வயலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன், எனக்கு முன்னால் நாற்பது பேருடைய முதுகு, அதற்கும் முன்னால் சைக்கிள் சக்கரம் வைத்த சின்னத் தேரில் மாதா. தேரில் கட்டிய ஒலிபெருக்கி இன்னும் பாட ஆரம்பிக்கவில்லை, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார்கள். நான் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் நடக்கிறேன். தார் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, இப்போது கோடு தேவையில்லை, ஆனாலும் இப்போதே பிடித்து வைத்துக்கொள்வது நல்லது, ஒன்பது மணிக்கு மேல் எல்லாரும் இதற்கு வந்துவிடுவார்கள். நாலு விரல் அகலம். ஒரு பாதம் வைக்கலாம், பக்கத்தில் இன்னொன்று வைக்க முடியாது. கறுப்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், வெள்ளை திருப்பி அனுப்பிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன், ஆனால் அந்தப் பாடம் தலையிலிருந்து இறங்கிக் காலுக்கு வந்து சேர எனக்கு நாற்பத்தைந்து வயது ஆயிற்று. முதல் வருஷம், மரக்காணத்துக்குக் கிட்டே, தார் சுட்டு நான் தத்தித் தத்திப் போனபோது, முன்னால் போன ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கோட்டு மேல வாங்கம்மா, இங்க ஏசி போட்டிருக்கு" என்றார். அவர் பெயர் தெரியாது. முகம் தெரியாது. வேர்வையில் ஒட்டிக்கொண்ட காவிச் சட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. நடக்கிறவர்களுக்கு வாத்தியார்கள் எல்லாரும் முதுகாகத்தான் இருக்கிறார்கள். சுண்டுவிரல் வலிக்கிறது. இல்லை, வலிக்கவில்லை, இருக்கிறது. ஒரு விரல் தான் இருப்பதை இத்தனை தடவை சொல்ல வேண்டியதில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பதில் இது எட்டாம் நாள். எங்கள் குழுவில் யாரும் செருப்பு போடுவதில்லை, அது வேண்டுதல். சாக்ஸ் போடலாம். சாக்ஸ் செருப்பா இல்லையா என்று முதல் வருஷம் கோவளம் வரைக்கும் பெரிய சண்டை நடந்தது. தொம்மை அண்ணன்தான் எங்கள் குழுத் தலைவர், பத்தொன்பது முறை நடந்தவர். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "கோயில் வாசல்ல எதைக் கழட்டி விடுறியோ அது செருப்பு. சாக்ஸோட உள்ள போறியா இல்லையா? முடிஞ்சுது போ." அன்றிலிருந்து சாக்ஸ் செருப்பில்லை. இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். யாரும் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லிக் கற்றுக்கொடுப்பதில்லை. முதல் நாள் மாலை ஆசை ஆசையாக வெந்நீர் வைத்து உப்புப் போட்டுப் பாதத்தை ஒரு மணி நேரம் ஊறவிட்டேன், மறுநாள் தோல் நனைந்த அப்பளம் மாதிரி ஆகி மூன்று இடத்தில் பிய்ந்துவிட்டது. அதைப் பார்த்த ஒரு கண்டக்டர், லீவு போட்டுவிட்டு நடக்கிறவர், "காலைக் குழந்தையாட்டம் கொஞ்சாதீங்க, மாட்டாட்டம் நடத்துங்க, தண்ணி காட்டிட்டுக் காய விடுங்க" என்றார். அதிலிருந்து கழுவுவேன், துடைப்பேன், அவ்வளவுதான். தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். உட்கார்ந்தால் காலை நம்மைவிட உயரத்தில் வைக்க வேண்டும், குடிநீர்த் தொட்டியில், மரத்தில், எதிரே இருப்பவருடைய பையில். இன்னும் எவ்வளவு தூரம் என்று டீக்கடைக்காரரிடம் மட்டும் கேட்கக் கூடாது. டீக்கடைக்காரர்கள் எல்லாரும் "கிட்டதான்" என்பார்கள். கொருக்குப்பேட்டையில் கேட்டாலும் வேளாங்கண்ணி கிட்டதான். கொப்புளம் வந்தால் ஊசியால் குறுக்கே நூலைக் கோத்து, இரண்டு பக்கமும் வால் விட்டுவிட வேண்டும், நீர் நூல் வழியாக வடிந்துவிடும், தோலை உரிக்கக் கூடாது. நேற்றுச் சாயங்காலம் சுண்டுவிரலுக்கு அப்படித்தான் கோத்தேன். வெள்ளை நூல். இப்போது அந்த வால் சாக்ஸுக்குள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. தெரியக் கூடாது. ஒரு நூல் வால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரிகிறது என்றால் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

"ஏண்டி பிரகாசி, இன்னா, காலை ஒரு மாதிரி வைக்கிற?" சலேத்து கேட்கிறாள். அவள் என் பக்கத்தில் தாரின்மேல் வருகிறாள். அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் செக்கிங் டேபிள், அவள் அயர்னிங் டேபிள், பதினோரு வருஷமாக எதிரும் புதிரும். "ஒண்ணுமில்ல" என்கிறேன். "ஒண்ணுமில்லன்னா நேரா வையேன்." நேராக வைக்கிறேன். பத்து அடி நேராக வைத்த பிறகு கால் தன்னிஷ்டத்துக்குப் போகிறது. சலேத்து நடையைக் கொஞ்சம் குறைக்கிறாள், குறைத்தது எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக முந்தானையை அவிழ்த்துத் திரும்பச் செருகுகிறாள். எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். பின்னால் வருகிறது, எங்கள் குழுவின் வண்டி, அரிசி மூட்டை, அண்டா, கேஸ் அடுப்பு, எங்கள் பைகள், இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே. முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் யாரும் திட்ட மாட்டார்கள், கேலி செய்ய மாட்டார்கள், அதுதான் கஷ்டம். திட்டினால் ரோஷத்தில் நடந்துவிடலாம். போன வருஷம், கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம், வல்லம்படுகை பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தேன், இதே காலில் இதே சுண்டுவிரல், எழுந்திருக்க முடியவில்லை, தொம்மை அண்ணன் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். அரிசி மூட்டைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து பாலத்தைக் கடந்தேன். பாலம் என்னை விட்டு விலகி விலகிப் போயிற்று, அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். நடக்கிறவர்களுடைய முகம் எல்லாம் தெரிந்தது, எட்டு நாளும் முதுகாக இருந்தவர்கள், அப்போதுதான் முதல்முதலாக அவர்கள் முகத்தைப் பார்த்தேன், அவர்கள் சிரித்துக் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். சீர்காழியில் இறங்கி மறுநாளிலிருந்து மறுபடி நடந்தேன்.

அது போகட்டும். அது போகாது. வேளாங்கண்ணியில் சூசை, என் வீட்டுக்காரர், ரயிலில் வந்து காத்துக்கொண்டிருந்தார், என் அழுக்குக் காலைப் போட்டோ எடுத்து, முந்நூறு கிலோமீட்டர் நடந்த கால் என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டார். ஹார்பரில் அவரோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக் கும்பிட்டுப் பதில் போட்டார்கள். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, ஏங்க, அதில் ஒரு பாலம் குறையுதுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை, பிறகு சொல்வதற்கு அது பழையதாகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை சாமி, அவ்வளவுதான் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அவருக்கு அது பாவமாகவே படவில்லை. எனக்கு அது கால் விரலில் இருக்கிறது. இந்த வருஷம் மாதாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை, மகளுக்கு வேலை கேட்கவில்லை, கூடப்பிறந்த அண்ணனுக்கு உடம்பு கேட்கவில்லை, கேட்க நிறைய இருக்கிறது, ஆனாலும் இந்த வருஷம் பாலம் மட்டும். அதை என் காலால் தாண்ட வேண்டும். முன்பக்கம் பார்த்துத் தாண்ட வேண்டும். இந்த வேண்டுதல் சலேத்துக்கு மட்டும் தெரியும்.

வயலில் ஒரு கொக்கு நிற்கிறது. ஒற்றைக் காலில். அதற்குச் சௌகரியம், வலிக்கிற காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ரோட்டு நடுவில் விட்டு விட்டுப் போகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் கறுப்புத் துணியில் இழையோட்டியது மாதிரி இருக்கிறது, ஒரு தையல், ஒரு இடைவெளி, ஒரு தையல், அங்குலத்துக்கு எத்தனை என்று என் கண் தானாகவே எண்ணப் பார்க்கிறது. பதினோரு வருஷம் இதே வேலை. சட்டை வரும், உள்ளே திருப்பிப் பார்ப்பேன், வெளியே திருப்பிப் பார்ப்பேன், நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவேன், தையல் விட்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். நல்ல பக்கம் வெளியே, கெட்ட பக்கம் உள்ளே. தெருவில் யாராவது பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனால்கூட எனக்குக் கை அரிக்கும். அப்படிப்பட்டவள்தான் முதல் வருஷம் பாண்டிச்சேரியில் சாக்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் விடிகாலை கரண்ட் போய்விட்டது, தடவித் தடவிப் போட்டேன், ஊரைத் தாண்டி வெளிச்சம் வந்த பிறகு தாம்பரத்துக் குழுவில் வந்த நர்ஸ் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, சாக்ஸ் உள்பக்கம் வெளிய இருக்கு." சலேத்து திரும்பிப் பார்த்தாள். செக்கிங் டேபிள் பிரகாசி சாக்ஸைத் திருப்பிப் போட்டாள் என்றால் கம்பெனியில் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த ஒரு வினாடியில் என் வாயிலிருந்து அது வந்தது, எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது: "தெரிஞ்சுதான் போட்டேன். தையல் உள்ள இருந்தா விரல்ல உரசும். நாங்க தையல் வேலைக்காரங்க, எங்களுக்குத் தெரியாதா?" அந்தப் பெண் என்னை அப்படியொரு மரியாதையோடு பார்த்தாள். அங்கேயே மைல்கல்மேல் உட்கார்ந்து தன்னுடையதைத் திருப்பிப் போட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். சலேத்து என் காதோரம், "இன்னாமா அளக்குற" என்றாள். அதற்குப் பிறகு வேளாங்கண்ணி வரைக்கும் தினம் காலையில் அந்தப் பெண் வந்து என் காலைப் பார்ப்பாள், அதனால் தினம் காலையில் நானும் கெட்ட பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டு, கை அரிக்க அரிக்க, பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு அந்த வருஷம் ஒரு கொப்புளம் வரவில்லை. பாண்டிச்சேரி தாண்டியதிலிருந்து நல்ல மழை, ரோடெல்லாம் ஈரம், மாதா கருணை. போன வருஷம் அந்தப் பெண் வரவில்லை. அப்பாடா என்று சாக்ஸை முறையாகப் போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது. ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. ஒரு சின்னக் கல், பட்டாணியளவுகூட இல்லை, இடது காலில் சரியாக அதே இடத்தில் படுகிறது, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ அடிக்கிறது, நான் நின்றுவிடுகிறேன், சலேத்தும் நிற்கிறாள், பின்னால் வருகிறவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறார்கள், ஆற்று நடுவில் நட்ட கம்பு மாதிரி நாங்கள் நிற்கிறோம். "உக்காரலாமா" என்கிறாள். "உக்காந்தா எழுந்துக்க மாட்டேன்" என்கிறேன். "எழுந்துக்காட்டி நானும் எழுந்துக்கல, ரெண்டு பேரும் இங்கியே ஒரு டீக்கடை போட்டு, போறவங்க வர்றவங்க கிட்டல்லாம் கிட்டதான்னு சொல்லலாம்." சிரிப்பு வருகிறது. சிரிக்கும்போது வலி ஒதுங்கி நிற்கிறது, சிரித்து முடித்ததும் வந்துவிடுகிறது. நடக்கிறேன். குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து, விரலைத் தூக்கி, அப்படி வைத்தால் முழங்கால் வலிக்கிறது, முழங்கால் வலித்தால் விரல் மறக்கிறது, அதுவும் ஒரு ஏற்பாடுதான். தூரத்தில் நிழற்குடை தெரிகிறது. நான் பார்க்கவில்லை. அதன் தகரக் கூரையில் அதே துரு, தூணில் போன வருஷத்துப் போஸ்டரின்மேல் இந்த வருஷத்துப் போஸ்டர், அதற்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் ஓலை போட்டு மோர்ப்பந்தல் வைத்திருக்கிறார்கள், நான் எதையும் பார்க்கவில்லை, கோட்டை மட்டும் பார்க்கிறேன், ஆனால் கோடு நேராக அங்கேதான் போகிறது, கால் அங்கே போய் நிற்கிறது, உடம்பு அதே சிமெண்ட் திண்டில், அதே மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

சாக்ஸைக் கழற்றினேன். நூல் வால் ஊறிச் சிவந்திருந்தது. யாரோ மோர் கொடுத்தார்கள், நிறைய உப்பு, அதில் கொத்தமல்லித் தழை. தொம்மை அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். விசிலைக் கையில் சுருட்டிக்கொண்டார். "ஏறிக்கம்மா" என்றார் மெதுவாக. "சீர்காழியில இறங்கிக்க. மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா." வண்டி எங்களுக்கு எதிரே வந்து நின்றது, பின்கதவு திறந்திருந்தது, அரிசி மூட்டை தெரிந்தது, போன வருஷத்தைவிட மெத்தென்று இருக்கிற மாதிரி தெரிந்தது. சரி என்று சொல்லப் போனேன். அந்த 'ச'வுக்காக நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்னும் பிரியவேண்டியதுதான் பாக்கி. அப்போது என் மடியிலிருந்த சாக்ஸை ஒரு கை எடுத்தது. காவிப் புடவை, கழுத்தில் மாதா டாலர், நெற்றியில் குங்குமம், முப்பத்தைந்து வயதிருக்கும், முதுகில் நெல்லிக்குப்பம் குழு என்று அச்சடித்த துண்டு, கடலூரிலிருந்து சேர்ந்துகொண்டவர்கள். "யக்கா, இது உன்னுதா?" என்றாள். ஆமாம் என்றேன். "எத்தினி வருசமா நடக்கற?" இது மூணாவது என்றேன். "மூணு வருசமா நடந்தும் சாக்ஸு போடத் தெரியலியே. எங்கூர்ல மொத வருசம் வர்றவளுக்குக்கூடத் தெரியும்." வாழைப்பூ மடலை உரிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் சாக்ஸின் உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்து, விரல் முனையில் ஓடுகிற தையலைத் தடவிக்கொண்டே போய், அது முடிகிற ஓரத்தில் நிறுத்தினாள். "இந்தா, தொட்டுப் பாரு. முடிச்சு. பச்சரிசியாட்டம் கீது. நாள்பூரா இதும்மேல நடந்தா வெரலு இன்னாத்துக்கு ஆவும்? தையல வெளிய போடணும். உள்ள நைசா இருக்கணும். இதான் முறை."

தொட்டேன். பச்சரிசி மாதிரிதான் இருந்தது. தையலை முடிக்கிற இடத்தில் முடிச்சு விழும், அது ஓரத்தில்தான் விழும், சுண்டுவிரல் இருக்கிற ஓரம், இதை ஒரு நாளைக்கு நானூறு சட்டையில் பார்க்கிறவள் நான். "இது யாரு சொன்ன முறை?" என்று கேட்டேன். "எங்க நாத்தனா சொன்னா. அவளுக்கு ஒரு நர்சம்மா சொன்னது. அந்த நர்சம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தது மெட்ராசுல ஒரு தையக்காரம்மா. பெரிய கையாம். அம்பது வருசமா நடந்தவங்களாம். கப்பல்ல ஏறிப் போற துணியெல்லாம் அவங்க தொட்டுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் கப்பலே கெளம்புமாம்." சலேத்து மோரைக் குடித்துக்கொண்டிருந்தாள். மோர் வேறு வழியில் போய்விட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை மிகவும் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப அந்தம்மா நடக்கறதில்லியா?" "எங்க, பாவம். போய்ச் சேந்துட்டாங்க போல." "அச்சச்சோ. எப்போ?" "போன வருசம். இதோ இந்தப் பாலத்துக்கு இந்தாண்ட வரைக்கும் நடந்து வந்தாங்களாம், கண்டவங்க கீறாங்க. அதோட காணலியாம். மாதாவே வந்து கூட்டினு போய்ட்டாங்கன்னு சொல்றாங்க." சலேத்து சிலுவை போட்டுக்கொண்டாள். "நல்ல மனுசி" என்றாள். "வாய்தான் கொஞ்சம் நீளம்னு கேள்வி." "நீ பாத்துக்கீறியாக்கா அவங்கள?" "பதினோரு வருசமா பாக்கறேன்" என்றாள் சலேத்து. நெல்லிக்குப்பத்துக்காரி அதைக் கவனிக்கவில்லை, என் மற்றொரு காலைப் பிடித்துச் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். முதலில் வயிற்றில், பிறகு தோளில், பிறகு சத்தமாக. ஐம்பது வருஷம். கப்பல். மாதா வந்து கூட்டிக்கொண்டு போனாள், அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, இரண்டாவது கியரில். தொம்மை அண்ணன் பயந்துவிட்டார், வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் சிரிப்புக்கு அடியில் இன்னொன்று மெதுவாக எழுந்து வந்துகொண்டிருந்தது, அது வந்து சேரும்வரை காத்திருந்தேன். முதல் வருஷம் கொப்புளம் வராதது மழையால் இல்லை. மாதா கருணையாகவும் இருக்கலாம், ஆனால் அவள் அதைச் சாக்ஸ் வழியாகத்தான் கொடுத்தாள். நான் சொன்னது பொய்யில்லை. பொய் என்று நான் நினைத்ததுதான் பொய். என் வாய்க்குத் தெரிந்தது, பதினோரு வருஷமாகத் தையலைத் தொடுகிற என் விரலுக்குத் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. கேட்ட எல்லாரும் நம்பினார்கள், நம்பி நடந்தார்கள், ஊர் ஊராக, பந்தல் பந்தலாக, நர்ஸ் பெண்ணிடமிருந்து நாத்தனாருக்கு, நாத்தனாரிடமிருந்து இவளுக்கு, சொன்னவள் ஒருத்தி மட்டும் நம்பாமல் நல்ல பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் பச்சரிசிமேல் நடந்திருக்கிறாள். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். "அஞ்சலாட்சி" என்றாள். சொல்லலாமா, நான்தான் அந்தத் தையல்காரம்மா என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் என் சாக்ஸின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டு என்று கண்ணால் சொன்னபோது, அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், நிம்மதியாக இருக்கட்டும். நான் இதை இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், இவளிடம். காலை நீட்டினேன். தையல் வெளியே, நூலெல்லாம் பிசிறு பிசிறாக, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய சாக்ஸ், உள்ளே பூனையின் வயிறு மாதிரி. கை அரிக்கவில்லை. "வண்டி போகட்டும், அண்ணே" என்றேன்.

பாலம். இதோ இடது கால் பாலத்தின்மேல். வெள்ளைக் கோடு பாலத்திலும் இருக்கிறது, இருக்காதோ என்று ஒரு வருஷமாகக் கவலைப்பட்டேன், போன வருஷம் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததில் கோட்டைக் கவனிக்கவில்லை. வலி போய்விடவில்லை. இருக்கிறது, ஆனால் அது இப்போது வெறும் வலி, யாரும் அதை அழுத்திக்கொண்டிருக்கவில்லை. வலது, இடது. கீழே மணல், மணலுக்கு நடுவே மூன்று வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், அப்புறம் நாணல், அப்புறம் நிஜமான ஆறு, பழுப்பாக, அவசரமில்லாமல், எங்கள் குறுக்கே போகிறது. அதுவும் நடக்கிறதுதான், கடலுக்கு. காற்று வருகிறது, ஆற்றின் மேலேதான் இந்த ரோட்டுக்குக் காற்று கிடைக்கிறது, காவிப் புடவைகள் எல்லாம் ஒரே பக்கம் பறக்கின்றன. பக்கத்து ரயில் பாலத்தில் ஒரு ரயில் வருகிறது, ஜன்னலெல்லாம் கை, நாங்களும் கை காட்டுகிறோம், ரயிலில் போகிறவர்கள் முகமாக இருக்கிறார்கள், நாங்கள் அவர்களுக்கு என்னவாக இருக்கிறோமோ. பயம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது, பாலத்தின் நடுவில், இங்கே நின்றுவிட்டால் உட்கார இடம்கூட இல்லையே என்று. அப்போது முன்னால் ஒருவர் நொண்டுவதைப் பார்த்தேன். கட்டம் போட்ட கைலி, நீல சாக்ஸ், இடது பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்துச் சாய்த்து வைக்கிறார், அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும். கிட்டே போனதும், "சார், அந்தப் பக்கம் போய் உக்காந்ததும் சாக்ஸைத் திருப்பிப் போடுங்க, தையல் வெளிய இருக்கட்டும்" என்றேன். "அப்படியா? யாரும்மா சொன்னது?" என்றார் திரும்பாமலே. "நெல்லிக்குப்பம் அஞ்சலாட்சி" என்றேன் சத்தமாக. நாலு முதுகுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அஞ்சலாட்சி திரும்பவில்லை. துண்டை மட்டும் எடுத்து உதறித் தோளில் நன்றாகப் போட்டுக்கொண்டாள். சலேத்து என்னைப் பார்த்தாள். "எழுந்துட்டியேடி" என்றாள். "செத்தவ எழுந்து பாலத்தையும் தாண்டற. உனக்கு ஒரு கோயில் கட்டினா உண்டியல் சாவி என்கிட்ட."

பாலம் முடிகிற இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சிமெண்ட் முடிந்தது, தார் தொடங்கியது, என் வலது கால் அங்கே இருந்தது, பிறகு இடது காலும். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கி சலேத்தின் மடியில் வைத்துக்கொண்டு, சூசைக்கு போன் செய்தேன். "கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிட்டேங்க." "சந்தோஷம்" என்றார். "போன வருஷம் தாண்டலைங்க. வண்டியில போனேன்." அந்தப் பக்கம் ஹார்பரின் சத்தம், ஏதோ இரும்பு இரும்பின்மேல் விழுகிறது. "தெரியுமே" என்றார். "எப்படித் தெரியும்?" "நீதான பாலத்தைப் போட்டோ புடிச்சு அனுப்பின. கீழ ஓரத்துல கேஸ் சிலிண்டர் தெரிஞ்சுது. எந்த ஊர்ல சிலிண்டர் நடந்து வருது?" போனை மறு காதுக்கு மாற்றினேன். "தெரிஞ்சும் ஏன் முந்நூறு கிலோமீட்டர்னு ஸ்டேட்டஸ் போட்டீங்க?" "பின்ன, மிச்சத்தையெல்லாம் யாரு நடந்தது, சிலிண்டரா?" என்றார். "வேலை இருக்கு, வைக்கிறேன். மோர் குடி." ஒரு வருஷம் முழுக்க விரலுக்கடியில் வைத்துக்கொண்டு நடந்த பச்சரிசி. போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன், தார் நன்றாகச் சுட ஆரம்பித்துவிட்டது, அலை அலையாகத் தெரிகிறது, அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு நேராகத் தெற்கே போகிறது, அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். கைலிக்காரர் பக்கத்து பெஞ்சில் சாக்ஸைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். சலேத்து என் காலை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து, கேட்கக் கூடாது என்று தெரிந்தும், டீக்கடைக்காரரிடம் கேட்கிறாள்: "அண்ணே, சீர்காழி இன்னும் எவ்ளோ தூரம்?" அவர் டீயை ஒரு ஆள் உயரத்துக்கு ஆற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "கிட்டதான்" என்கிறார். நான் எழுந்து கோட்டின்மேல் காலை வைக்கிறேன். இருக்கலாம். கிட்டவாகத்தான் இருக்கும்.